சல்லடையில் மிஞ்சிய கூடு

கார்த்திகை, செவ்வாய்.

கொடைக்கானல் சதுப்பு மண்ணில் இன்று ஒரு கடல் நுண்ணுயிரின் புதைபடிவக் கூடு. நுண்ணோக்கியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நுனி பிளந்த முட்கள், உயிர் வெளியேற பலகோணமாக வெட்டியது போன்ற வாசல். டைனோஃப்ளாஜெல்லேட்தான். இந்த மலைக்குக் கடல் ஏது? கடலடிப் பாறைத்தூளைச் சலித்த சல்லடையைச் சரியாகக் கழுவாமல் இதற்கும் எடுத்திருக்கிறோம்.

ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் மாரியக்காவைப் பேராசிரியர் கூப்பிட்டு, சல்லடையைக் கழுவியது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க கவனிக்காம விட்டுருப்பேன்" என்றது அக்கா.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

பாறைத்தூளைச் சலித்த அன்றைக்கு அக்கா பூண்டு எடுக்கும் கூலி வேலைக்கு வடகவுஞ்சி கிராமத்துக்குப் போயிருந்தது. அதுக்கே நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. சல்லடையை அலசியது நான். நுண்ணோக்கியில் குனிந்துகொண்டேன்.

இப்போதுதான் பையைத் திறந்தேன். போகும் முன் அக்கா என் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறது.