குரங்கு என்று வாழ்த்தப்பட்ட மான்கள்

ஜூலை 29

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். வாமே பிறந்த அன்றே, இவள் அழுகையில் எதுகை மோனை இருக்கிறது, மேடையில் நின்று கவி சொல்லியே பிழைப்பாள் என்று அவள் அம்மாவிடம், அதாவது என் தங்கை டினேயோவிடம் சொன்னேன். "அன்னிக்கு நீ மாட்டுப் பட்டியில இல்ல இருந்தே அண்ணே?" என்கிறாள். அவளுக்கு எப்போதும் ஞாபகசக்தி குறைவு.

தலைநகர் காபரோனிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. செப்டம்பர் 30, சுதந்திர தினம், விளையாட்டரங்கில் வாமே கவி சொல்ல வேண்டும். எங்கள் மொலெபொலோலே ஊர்த் தலைவரின் நன்னடத்தைக் கடிதம் கொடுத்தால் போதுமாம். துணிக்கடை வேலையை விட்டு மூன்று வருடமாகக் கல்யாண வீடுகளில் தொண்டை கட்டிக்கொண்ட பிள்ளை. டினேயோ கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் நடக்கலேன்னா திரும்பக் கடைக்குத்தான்."

ஆகஸ்ட் 3, சனி

பக்கத்து வீட்டுக் கல்யாணம். வெந்த இறைச்சியை இடிப்பது ஆண்கள் வேலை. ஆண்களில் அது என் வேலை. மூன்று மாடுகளைத் தனி ஆளாக இடித்தேன். (சரி, ஒன்று.)

வாமே, மாப்பிள்ளை வீட்டாரை அவர்களுடைய குலவிலங்கின் பெயரால் வாழ்த்தினாள். இரண்டாவது வரியில் பந்தல் உறைந்துபோயிற்று.

இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 4

"குரங்கின் மக்களே, உச்சிக்கிளையை ஆள்பவர்களே!" என்று குரல் எடுத்தாள். மொச்சுடி ஊர்க்காரர்களைக் குரங்கு என்றால் நெஞ்சு நிமிரும். அது அவர்கள் குலவிலங்கு. ஆனால் இவர்கள் மொச்சுடியில் குடியிருக்கிறார்களே தவிர, பூர்வீகம் செரோவே. குலவிலங்கு மான்! மானை நிற்கவைத்துக் குரங்கே என்றால்? மாப்பிள்ளையின் அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க மூஞ்சியைப் பாத்தா உனக்கு எப்படிடீ தெரியுது?"

வாமே சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9

ஊர்ப் பஞ்சாயத்து கூடும் கோட்லாவில் தலைவர் மொட்லாடி முன்னால் நின்றோம். "யாரும்மா உனக்குத் தப்பாச் சொன்னது?"

"நாக்கு என்னுது ஐயா. தப்பும் என்னுது" என்றாள் வாமே. என் பக்கம் திரும்பவேயில்லை.

தாய்மாமன் உட்கார்ந்திருப்பதா? எழுந்தேன். "நான்தான் விசாரிச்சுச் சொன்னேன் ஐயா. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் சொன்னார். நீலத் தொப்பி." அவர் உயரம், நடை, முன்பல் இடுக்கு எல்லாவற்றையும் விவரித்தேன். நான்காம் வகுப்போடு நின்றவன் பேச்சா இது என்று கூட்டம் அசந்துவிட்டது.

தீர்ப்பு: அந்த ஆள் கிடைக்கும்வரை வாமேவுக்குக் கடிதம் இல்லை. யாரோ பிரம்படி என்று முணுமுணுத்தான். நாற்பது தாண்டியவனை அடிக்கக்கூடாது என்பது சட்டம். எனக்குச் சட்டம் தெரியும்.

ஆகஸ்ட் 17

கண்டுபிடித்துவிட்டார்களாம்! எனக்கே ஆச்சரியம். மாப்பிள்ளையின் சித்தப்பா கெரெங். நீலத் தொப்பி இருக்கிறது. பல்லிடுக்குகூட.

ஆகஸ்ட் 26

பெண்ணுக்குக் கொடுக்கும் மாடுகளைப் பற்றிப் பேசப் போனபோது கெரெங்கைக் கூப்பிடவில்லையாம். அந்த ஆத்திரத்தில் குடும்பத்தை அவமானப்படுத்தினாராம். மொச்சுடியில் இப்படித்தான் பேச்சு. அண்ணன்மார் அவரோடு பேசுவதில்லை. மனிதர்கள் எதையும் நம்புவார்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 5

கெரெங் பேருந்து பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தொப்பியைத் தலையில் போடாமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"அண்ணே, நான் எப்பண்ணே உங்ககிட்ட பேசினேன்? நல்லா யோசிச்சுட்டேன். எனக்கே மறந்துபோச்சோன்னு பயமா இருக்கு."

தேநீர் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது?

அவர் போனதும் வாமே சொன்னாள்: "தலைவர் இப்ப கடிதம் தர்றேங்கிறார் மாமா, ஆள்தான் கிடைச்சாச்சேன்னு. எனக்கு வேணாம். அந்த மனுஷன் பேரு சுத்தமாகாம நான் மேடை ஏற மாட்டேன்." அவ்வளவுதான். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்!

டினேயோ துணிக்கடைக்காரரிடம் பேசப் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 6

கஞ்சி இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 16

போன வாரம் கோட்லாவுக்குத் தனியாகப் போனேன். பேசினேன். என் ஆயுளிலேயே சின்னப் பேச்சு.

அபராதம்: ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மொச்சுடி போய், கெரெங்கின் அண்ணன்மார் காதுபட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். போனேன். பேருந்தில் ஆடு என்னைவிட மரியாதையாக நடந்துகொண்டது. கெரெங் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அதெல்லாம் சரிண்ணே, அந்தப் பல்லிடுக்கை மட்டும் எப்படிச் சரியாச் சொன்னீங்க?"

டினேயோ சிரிக்கவில்லை. கடிதம் வந்த பிறகுதான் என் தட்டில் கறி விழுந்தது.

செப்டம்பர் 30, காபரோன்

மேடை ஏறும் முன் வாமே ஓடி வந்தாள். "மாமா, முன்வரிசையில சிவப்புச் சால்வை போட்டிருக்காரே, அவரு எந்தக் குலம்?"

யானை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தெரியாதும்மா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா மாமா?" என்று சிரித்துவிட்டு, தானே போய் அவரிடம் குனிந்து கேட்டாள். பிறகு மேடை ஏறினாள். அரங்கம் எழுந்து நின்றது. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை, நிஜமாகவே நின்றது.

தலைவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். நீலத் தொப்பிக்காரர் யாரும் என்னிடம் வரவில்லை. நான் எவரையும் விசாரிக்கவே இல்லை. கல்யாணத்தன்று உலக்கையோடு நின்றிருந்தேன். வாமே எல்லோர் முன்னாலும் வந்து, "அவங்க என்ன குலம் மாமா?" என்று கேட்டாள். சட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.