உன் வண்டி மறுபடியும் மலையேறியது, அக்கா

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. யாரிடம் சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

உன் வீட்டில் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. மாமா சமைக்கக் கற்றுக்கொண்டார், ரசத்தில்தான் புளி தூக்கலாகிவிடுகிறது. உன் பெண் யாழினி ஒன்பதாவது போய்விட்டாள். நான் அதே கணியம்பாடி மருந்துக்கடையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தவாசல் வந்து, உன் வீட்டுத் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். நான் இன்னும் அழவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் காரை நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். நெல்லிவாசல்நாட்டில் உனக்கு நர்ஸ் வேலை. பஸ் வந்தால் உண்டு, இல்லையென்றால் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் நசுங்க வேண்டும். ஒரு புரோக்கரைப் பிடித்து அந்த வெள்ளை வண்டியை வாங்கினாய். கொஞ்ச நாளிலேயே குறைகள் தெரிந்தன. வைப்பர் பாதிக் கண்ணாடியைத்தான் துடைத்தது. சீட் பெல்ட் போட்டால் தானாகவே கழன்றுகொண்டது. நீ அவனுக்கு போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் அவன் சிரித்தான்.

"பழைய வண்டின்னா அப்டித்தான் மேடம். சாவி போட்டா ஏர்பேக் லைட்டு எரிஞ்சி அணையுதா? அணையுதில்ல? அப்ப எல்லாம் கரெக்டா கீதுன்னு அர்த்தம்."

நீ நம்பினாய். நானும்தான். சொன்னபடியே எரிந்து அணைகிற விளக்கை எப்படிச் சந்தேகப்படுவது?

தூறல் விழுந்த ஒரு மத்தியானம், கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கிப் பாறையில் மோதியது. பின்னால் வந்த ஜீப்காரர்கள்தான் உன்னைத் தூக்கி எடுத்தார்கள். பெரிய மோதல் இல்லையே என்று அவர்களே திகைத்துப்போய்ச் சொன்னார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங் மார்பில் இடித்து உள்ளே காயம் என்றார் டாக்டர்.

"பொம்பள மலையில வண்டி ஓட்டுனா வேற இன்னா ஆவும்?" என்று சாவு வீட்டில் ஒருவர் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. "பிரேக்குக்கு பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பா" என்று மாமாவே வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடி கழுவினேனாம். எனக்கு நினைவில்லை.

வண்டியை இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப்போனார்கள். இனி அது தேறாது என்றார்கள். உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெட்ரோல் பங்கில் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. நிறம்தான் புதிது. நம்பர் பிளேட்டில் உன் எண், அக்கா. பையிலிருந்த தக்காளி நசுங்காமல் பிடித்துக்கொண்டு நேராக அதனிடம் நடந்தேன்.

உள்ளே ஒரு மலைக்குடும்பம். ஓட்டுகிறவர் பெயர் முருகேசன், பக்கத்தில் அவர் மனைவி செல்வி, பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள். சாமையும் புளியும் விற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வண்டி யார்கிட்ட வாங்குனீங்க?"

"ஏம்மா, இன்னா விஷயம்?"

"இது எங்க அக்கா வண்டிங்க. இதுல போய்த்தான் செத்தாங்க."

முருகேசன் முகம் இறுகிவிட்டது. "ஆக்சிடென்ட்டே ஆவாத வண்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. புள்ளைங்கள வச்சிக்கினு கீறேன், இன்னா பேச்சு பேசற? வழிய வுடும்மா."

அவர் வண்டியைக் கிளப்பினார். செல்விதான் அவர் கையைப் பிடித்தாள். "இரு." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்கக்கா பேரு இன்னாங்க?"

"வசந்தா. நெல்லிவாசல்ல நர்சு."

"எங்க நர்சம்மாவா?" அவள் திரும்பிப் பின்சீட்டில் இருந்த சின்னவளைப் பார்த்தாள். "இவ பொறந்ததே அவங்க கையிலதாங்க."

முருகேசன் வண்டியை அணைத்தார்.

மறுநாள் கணியம்பாடியில் ஒரு மெக்கானிக்கிடம் எல்லோரும் போனோம். அவர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கின் நடுமூடியைப் பிரித்தார். மோதினால் ஊதிக்கொண்டு வர வேண்டிய ஏர்பேக் இருக்கும் இடத்தில் பழைய துணி திணித்திருந்தது.

"உங்கக்கா மோதுனப்ப பை வெளிய வந்துச்சாம்மா?"

"இல்லன்னுதான் ஜீப்காரங்க சொன்னாங்க."

"அப்ப அன்னிக்கும் இதுல பை இல்ல. அதுக்கு முன்னாடியே வண்டி எங்கியோ அடிபட்டு, பை வெடிச்சிருக்கும். புதுசு மாட்டாம மூடிய மட்டும் ஒட்டிட்டாங்க. ஏர்பேக் லைட்டு வயர வேற லைட்டோட சேத்து முறுக்கி வச்சிக்கீறாங்க. அது எரிஞ்சா இதுவும் எரியும், அது அணைஞ்சா இதுவும் அணையும்." பெல்ட்டின் பூட்டும் வேறு ஏதோ வண்டியுடையதாம். பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், அன்றைக்கு எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அது மட்டும் எனக்குத் தெரியவே போவதில்லை. அந்த வளைவில் நீ பிரேக்கை மிதித்தாயா? மிதித்தும் நிற்கவில்லையா?

"சின்னவ பாதி நேரம் முன்சீட்டுலதான், என் மடியில ஒக்காந்து வருவா" என்றாள் செல்வி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

முருகேசன் அங்கிருந்தே போன் போட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் ஏலத்தில் விட்டதைத் தட்டி நிமிர்த்தி, அவருக்கும் அதே புரோக்கர்தான் விற்றிருந்தான். அவன் கொஞ்சமும் அசரவில்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறொன்றை ஓட்டிப் போகச் சொன்னான். முருகேசனுக்கு அதில் மனம் போனது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அது அவர் வாங்கிய முதல் வண்டி.

"இத திருப்பிக் குடுத்தா அடுத்து எந்த வூட்டுக்கு அனுப்புவான்?" என்று கேட்டாள் செல்வி.

"அதுக்கு நாம இன்னா பண்றது?"

"குடுக்காம இருக்கறது. அதான் பண்றது."

அவர்கள் கொடுக்கவில்லை. போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். நுகர்வோர் கோர்ட்டில் வழக்கும் போட்டிருக்கிறோம். தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியாது. உன் வண்டி மலைமேல் அவர்கள் வீட்டோரம் சக்கரம் கழற்றி நிற்கிறது. செல்வி அதன் கூரைமேல் புளி காயவைக்கிறாள். முருகேசன் மறுபடி ஷேர் ஜீப்பில் மூட்டையோடு இறங்குகிறார். என்னைப் பார்த்தால் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். போன தடவை ஒரு படி சாமை கொடுத்து அனுப்பினார்.

மாமாவை ஒருநாள் அங்கே அழைத்துப் போனேன். உன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மறுபடி போட்டார், அப்போதும் வந்துவிட்டது. எத்தனை தடவை அப்படிச் செய்தாரோ. ஜீப்பில் இறங்கும்போது, "பெல்ட்டு நிக்கலம்மா" என்றார். இப்போது யாராவது நீ வண்டி ஓட்டியதைப் பற்றி வாயெடுத்தால், "அவ நல்லாத்தான் ஓட்டுனா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

ஆனால் யாழினியிடம் அவர் இதுவரை எதையும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நான் துணி பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா சித்தி?" என்று கேட்டாள். துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். அவளும் பிடித்தாள். இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

அடுத்த வாய்தாவில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாழினி சின்னப் பிள்ளை, அழைத்து வர வேண்டாம் என்கிறார் வக்கீல். நான் அழைத்துப் போகிறேன், அக்கா. முன்வரிசையில் அவளை உட்காரவைத்துவிட்டு, ஏறி நின்று, என்னை என்ன கேட்டாலும் முதலில் அவள் கேட்டதற்குத்தான் பதில் சொல்வேன். எங்க அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று, அவள் காதில் விழுகிற மாதிரி.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
தேவகி