விருந்தினர் சொல்வதே சரி

மாப்ள,

இன்று சாப்பாட்டுக் கூடத்துக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தினோம். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த சாம்பார்க் கறை. சுரண்டப் போன பெயின்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கரடியூர் சாலையில் இந்த லாட்ஜை நாம் இருவரும் சேர்ந்து எடுத்த மூன்றாவது வருஷத்துக் கறை அது. உனக்குச் சமையற்கட்டு, எனக்கு வரவேற்பு. சேலத்தில் வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்து, 'விருந்தினர் சொல்வதே சரி' என்று பலகை எழுதி மாட்டினேன். நீ படித்துவிட்டு, "அப்ப நம்ம ஆளுங்க சொல்றது தப்பாடா?" என்றாய். நான் சிரித்தேன். கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த காலம்.

சீசன் ஞாயிறு. காலையிலேயே குடித்திருந்த ஒரு கூட்டம், தோசை தாமதமென்று மேசையைக் குத்திக்கொண்டிருந்தது. தலைச்சோலையிலிருந்து வேலைக்கு வரும் செல்வி சாம்பார் வாளியோடு போய், "ரெண்டு நிமிசம் பொறுத்துக்கங்க சார், வந்துருமுங்க" என்றாள். ஒருவன் எழுந்து வாளியைப் பிடுங்கி அவள் மேலேயே வீசினான். கழுத்திலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று.

அவள் அலறல் கேட்டு நீ ஓடி வந்தாய். அவன் சட்டையைப் பிடித்து ஓர் அறை விட்டாய். இன்னொன்று விழும் முன், பின்னாலிருந்து உன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "விட்றா மாப்ள, கெஸ்ட்டுடா!" அவன் மேசையிலிருந்த கண்ணாடி ஜக்கை எடுத்து உன் முகத்தில் அடித்தான். உடைந்த பிடியால் மறுபடியும் குத்தினான். அப்போதும் நான் விடவில்லை. உன் ரத்தம் என் கையில் சூடாக வழிந்த பிறகுதான் விட்டேன்.

உன்னையும் செல்வியையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவனிடம் கைகூப்பி மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் கார் மலையடிவாரம் தாண்டியிருக்கும் என்று தெரிந்த பிறகே போலீசுக்குச் சொன்னேன். லாட்ஜுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதாம்.

உன் இடது கண் போயிற்று. சேலம் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோதும் நீ என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவ யாரைப் புடிக்கோணும்னு பாத்துப் புடி மாப்ள" என்றாய்.

திரும்பி வந்ததும் பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தாய். வேலையாட்களைக் கூப்பிட்டு, "ஒருத்தன் கை ஓங்குனா கரண்டியக் கீழ வெச்சுட்டு வெளிய வந்துருங்க. அவன் பொட்டி ரோட்டுக்குப் போயிரும்" என்றாய். வியாபாரம் படுத்துவிடும் என்று கத்தினேன். "பயந்துட்டே போடற சோறு யாருக்குடா எறங்கும்?" என்றாய்.

வியாபாரம் படுக்கவில்லை. செல்வி கழுத்துத் தழும்போடு திரும்பி வந்தாள். குழந்தைகளுக்கென்று காரமில்லாமல் தனிச் சாம்பார் வைக்க ஆரம்பித்தாள், யாரும் சொல்லவில்லை. வந்த குடும்பங்கள் அவள் பேரைச் சொல்லி மறுபடி அறை கேட்டன.

மாரடைப்பில் நீ போன பிறகு வந்த மே மாதம், இன்னொருவன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். மறு கையால் என் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது, விடவில்லை. பெட்டியோடு வெளியே தள்ளினேன். ரவுடி லாட்ஜ் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டான். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் உதட்டில் பஞ்சை அழுத்தியபடி செல்வி, "நல்லாக் கெட்டியாப் புடிச்சீங்கண்ணா" என்றாள்.

உன்னையும் அப்படிக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன், மாப்ள. உன் கண்ணைக் குத்தியவனிடம் மூன்று தடவை கேட்ட மன்னிப்பை உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.