வெள்ளிக்கிழமைக் கோழி

கடுகண்ணாவை வீட்டிலிருந்து கண்டிக் கோயிலுக்கு பஸ் ஏறும் அவசரத்தில், தூங்கிக்கொண்டிருந்த கணவர் செபஸ்தியானுக்குப் பிலோமினா சீட்டு எழுதினாள்:

"பின்னேரம் உங்க தங்கச்சி ஜசிந்தா வருவா. சோறு கறி அடுப்புல இருக்கு, போட்டுக் குடுங்க. தவக்காலத்துல ஆண்டவருக்கு மனசுல இடம் குடுங்கன்னு ஃபாதர் சொல்றாரு. நானும் கண்ணை மூடித்தான் பாக்குறேன். எங்கம்மா சாவுக்கு எட்டிப் பாக்காத அவதான் அந்த இடத்துல காலை நீட்டி உக்காந்திருக்கா. எழுப்ப முடியலங்க. சிலுவைப்பாதை ஜெபம் முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள அவ போயிடட்டும்."

சிலுவைப்பாதை என்று எழுதியதும்தான் உறைத்தது. மாமிசம் ஆகாத தவக்கால வெள்ளிக்கிழமை! ஆத்திரத்தில் அதையும் மறந்து, ஜசிந்தாவுக்குப் பிடித்த கோழிக்கறியை அல்லவா ஆக்கி வைத்திருக்கிறாள்!

அடியில் நெருக்கி எழுதினாள்:

"கோழிய இன்னைக்கு யாரும் தொடாதீங்க. பருப்பு வேக வச்சுக்குங்க. நாளைக்குச் சாப்பிட்டுட்டே போகச் சொல்லுங்க. அவள எங்க படுக்க வைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."