எட்டுத் துண்டு அகராதி

நோர்பரி, லண்டன்
5 மார்ச் 1995

அன்பின் ருக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. இதை ஈமெயிலில் எழுதியிருக்கலாம். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டவும் அதை நீ எழுத்துக் கூட்டி வாசிக்கவும் இரண்டு பேருக்கும் அலுப்பு. பேனாவே போதும்.

சந்தோஷமான செய்தி. இங்கே தாதியாக இருந்தபோது நீ தொடங்கி, சிங்கப்பூர் போய் முடித்த நோய்ச்சொல் அகராதியைக் கவுன்சில் அச்சடிக்கும் போலிருக்கிறது. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தமிழருக்கு மொழிபெயர்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பொறுப்பான தியாகராஜா அண்ணை இதற்காக நடையாய் நடக்கிறார். ஜூன் 8 கூட்டத்துக்கு முழு அகராதியும் கையில் வேண்டுமாம்.

ஒரு சின்னச் சிக்கல். போன வருஷம் நீ, கல்லூரிக் கணினியில் நான் நடத்துகிற எங்கள் ஈமெயில் மடற்குழுவின் கோப்புக் கிடங்குக்கு அனுப்பியதை எடுக்கப் போனன். திறந்தால் யாரோ செய்த பஞ்சாங்கம் வருகிறது. எங்கேயோ மாறிக் கிடக்கும், தேடுறன். அதற்கிடையில் உன்னிடம் உள்ள பிளாப்பியைத் தபாலில் போட்டுவிடு.

அன்புடன்,
தவநாயகி


சிங்கப்பூர்
16 மார்ச் 1995

தவம்,

உன் கடிதத்தின் முதல் பாதியைச் சத்தமாகப் படித்து வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். மீதியை யாரிடமும் காட்டவில்லை.

பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த ஊர்ப் புழுக்கம் உனக்குத் தெரியாது. கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வேலையிடத்துக் கணினியில் ஒரு பிரதி இருந்தது, ஆமா. அதை நானே அழித்தேன். "கிடங்குக்கு வந்துவிட்டது, இனி உன் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு ஏன்?" என்று எழுதியது நீ. உன்னைவிட அந்த இயந்திரத்தை யாருக்குத் தெரியும் என்று நம்பினேன்.

வார்டு வார்டாகக் கேட்டுக் கேட்டு எழுதிய சொற்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மறுபடி யாரிடம் போய்க் கேட்பேன்?

பஞ்சாங்கம்தான் இருக்கிறதே. அதில் நல்ல நேரம் பார்த்து அடுத்த கடிதம் எழுது.

ருக்குமணி


நோர்பரி
27 மார்ச் 1995

அன்பின் ருக்கு,

நல்ல நேரம் பார்க்காமலே எழுதுறன்.

நடந்தது இதுதான். எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எழுத்துரு செய்தால் அதற்குப் பெயர் 'தமிழ்'. நாட்காட்டி செய்தால் அதற்கும் 'தமிழ்'. நீயும் அகராதிக்கு அதையே வைத்தாய். ஒரே பெயரில் புதியது வந்தால், என் கல்லூரி இயந்திரம் பழையதைக் கேட்காமலே அழித்துவிடும். இப்படி ஐந்து கோப்புகள் போயிருக்கின்றன, கடைசியாய் வந்தது பஞ்சாங்கம். கல்லூரியில் எல்லாவற்றையும் பிரதியெடுத்து வைக்கிற காப்பு நாடாவும் ஒரு மாதத்துக்குமேல் தங்காது. வருகிற ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வைத்திருக்கவேண்டியது நான். செய்யவில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. உன் அகராதி பெரியது. யாராவது கேட்டு எழுதினால் இயந்திரம் அதை எட்டுத் துண்டாக வெட்டி எட்டு மடலாக அனுப்பும். எங்கள் ஆட்களின் அஞ்சல் பெட்டிகள் சின்னவை. துண்டுகள் வரிசையாகவும் வராது. ஏதோ இரண்டு மூன்று வந்ததும் பெட்டி நிரம்பி, மிச்சம் திரும்பிவிடும். ஆகவே முழு அகராதி யாரிடமும் இல்லை. துண்டுகள் இருக்கவேண்டும். பழைய மடல்களைக் கிண்டிப் பார்க்கச் சொல்லி மடற்குழுவுக்கு எழுதியிருக்கிறன்.

கோபத்தோடேயே இரு. பதில் மட்டும் போடு.

தவம்


நோர்பரி
30 ஏப்ரல் 1995

அன்பின் ருக்கு,

உன் பதில் வரவில்லை. துண்டுகள் வருகின்றன.

ஒஸ்லோவிலிருந்து பத்மநாதன் அண்ணை முதல் மூன்றையும் அனுப்பினார். மிச்சம் வராதபோதே முறைப்பாடு செய்ததாகவும் நான் கவனிக்கவில்லை என்றும் கூடவே ஒரு பக்கம். ரொறன்ரோவில் நிர்மலாவிடம் நான்காவதும் ஆறாவதும். ஐந்தாவது சிட்னியிலிருந்து. ஏழாவதைச் சவுத்தாலில் இருக்கிற அமராவதி பிளாப்பியில் போட்டு, பஸ் மாறி மாறி வந்து கையிலேயே தந்தாள். "உன் இயந்திரத்தை நம்ப ஏலாது" என்று என்னிடமே சொன்னாள்.

எட்டாவது இல்லை. இந்த வகைக் கோப்பில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் இருக்கும். அது இல்லாமல் மற்ற ஏழும் பூட்டின பெட்டி. தியாகராஜா அண்ணை தினமும் போன் எடுக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி வைக்கிறன்.

தவம்


நோர்பரி
10 ஜூன் 1995

அன்பின் ருக்கு,

வென்றுவிட்டோம்.

மே மாதக் கடைசியில் எட்டாவது துண்டு வந்தது. அனுப்பியவர் சிங்கப்பூர் லெட்சுமணன். "கேட்டது இதுதானே?" என்று ஒரே வரி. ஒட்டிப் பார்த்தன், திறந்தது. முதல் பக்கத்தில் உன் பெயர். கணினி அறையில் நான் அழுததைப் பார்த்து, ஏதும் பழுதா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

கூட்டத்தில் ஒரு டாக்டர், வலி என்ற ஒன்றுக்கு இத்தனை சொல் எதற்கு, செலவு வீண் என்றார். தியாகராஜா அண்ணை வாதாடவில்லை. ஸ்ட்ரெதமில் மொழிபெயர்க்கிற சிவனேஸ்வரி அக்காவை எழுப்பிவிட்டார். அவா உன் பக்கத்தை வைத்துக்கொண்டு குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என்று ஒவ்வொன்றையும் தன் உடம்பில் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினா. அந்த டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தன்னையறியாமல் ஒரு நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் நிறுத்தி, "எனக்கும் ஒரு பிரதி வேண்டும்" என்றார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. நான் கைதட்டிவிட்டன். கவுன்சில் கூட்டத்தில் தட்டக்கூடாதாம்.

சம்மதப் படிவம் இதோடு வருகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒன்று மட்டும் விளங்கவில்லை. லெட்சுமணன் மடற்குழுவை விட்டு எத்தனையோ மாதம். துண்டு தேடுகிற கதை அவருக்கு எப்படித் தெரிந்தது?

தவம்


சிங்கப்பூர்
21 ஜூன் 1995

அன்புள்ள தவம்,

எப்படித் தெரியும்? நான் போய்ச் சொன்னேன்.

உனக்குத்தான் பதில் போடவில்லை. மடற்குழுவைத் தினமும் படித்தேன். எட்டாவது இல்லை என்றதும் உட்கார முடியவில்லை. முன்பு யார் யார் என்னிடம் அகராதி பற்றி விசாரித்தார்களோ அத்தனை பேரையும் தேடிப் போனேன். லெட்சுமணன் நாலாவது ஆள். அவர் மனைவி எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, "சாப்பிட்ட பிறகு தேடட்டுமே" என்றார். தேடட்டும், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று லெட்சுமணனின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். கிடைத்தது. என் பெயர் வேண்டாம், உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள் என்றேன். அன்றைக்கு அவ்வளவு கோபம்.

சிவனேஸ்வரி அக்கா நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அந்த ஐந்து சொல்லும் ஒரே வார்டில், ஒரே வாரத்தில் எழுதிக்கொண்டவை.

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. 'தொகுத்தவர்' என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே 'எட்டுத் துண்டையும் சேர்த்தவர் தவநாயகி' என்று அச்சடித்து வேறு படிவம் அனுப்பச் சொல். கவுன்சில் முடியாது என்றால், எனக்கும் முடியாது என்று தியாகராஜாவிடம் நீயே சொல்.

அக்டோபரில் லீவு எடுத்திருக்கிறேன். மிச்சத் திட்டு நேரில்.

உன்
ருக்கு