சரித்தால் திறக்கும் பெட்டி

1978 ஜூலை 8, சனி

சோளகக் காற்று விடவில்லை. காயப்போட்ட சீலை இரண்டு தரம் கிணற்றடி மண்ணில். திரும்ப அலசல். விடைத்தாள் ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சவர்க்காரம், சிவப்பு மை.

பின்னேரம் அண்ணையின் மகள் வதனி மயிலிட்டியிலிருந்து சைக்கிளில். ஆவணியில் அவளுக்குக் கலியாணம். வீடு திருத்துகிறார்கள். அறையில் இடமில்லையாம், ஐயாவின் பெட்டியை விற்கப்போகிறாராம் அண்ணை. பழைய சாமான் வாங்கும் கொழும்பு ஆள் வருகிற சனி வான் கொண்டு வருவாராம்.

"அம்மா விக்க விடமாட்டனெண்டு நிக்கிறா, மாமி. ரெண்டு நாளாச் சாப்பாடில்லை."

பூமணி மச்சாளா? ஐயா செத்த பிறகு அந்தப் பெட்டியைப் பிரேதப்பெட்டி என்று சொல்லி, கோழித் தவிடு போட்டு வைத்தவள் அல்லவா.

ஜூலை 9, ஞாயிறு

மயிலிட்டி. பஸ்சில் நின்றபடி. கடைசியாக ஒருக்கால் பார்க்க வந்தேன் என்று அண்ணையிடம் சொன்னேன். பொய்யில்லை.

பர்மாத் தேக்கு, பித்தளைப் பட்டி. ஐயா தண்டையலாகப் பாய்க்கப்பல் ஓட்டிய காலம் முழுக்க அவர் காலடியில் இருந்த பெட்டி. அடியில் ஒரு கள்ள அறை. பெட்டியை இடப்பக்கம் சரித்தால் உள்ளே மர ஆணி ஒன்று வழுக்கும், அடிப்பலகை நகரும். நிமிர்த்தினால் தானே பூட்டிக்கொள்ளும். "சுங்கக்காரன் திறந்துதான் பார்ப்பான் பிள்ளை, சரிச்சுப் பார்க்கமாட்டான்" என்பார் ஐயா. அவர் எண்ணெய் பூசும்போது பக்கத்தில் இருந்தவள் நான்தான். வேறு ஒருவருக்கும் காட்டவில்லை.

தவிட்டைக் கையால் ஒதுக்கினேன். அடிப்பலகை விளிம்பெல்லாம் கத்திக் கீறல். சில கறுத்துப் பழசு. சில வெள்ளை, இந்தக் கிழமையது.

நிமிர்ந்தால் வாசலில் பூமணி.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்லை மச்சாள். தவிடு புழுத்துப்போச்சு."

பஸ்சில் வரும்போது எல்லாம் பொருந்தியது. 57இல் என் கலியாண எழுத்துக்கு முதல் கிழமை. எனக்கென்று இருந்த அம்மாவின் அட்டியல் காணாமற்போன கிழமை. அப்போது ஐயா இல்லை, வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டி சுவரில் சரிந்து கிடந்தது. கள்ள அறை தானே திறந்திருக்கும், அவள் கண்டிருக்கிறாள். அட்டியலை உள்ளே வைத்துத் தள்ளிவிட்டாள். பெட்டியை நிமிர்த்தியதும் பூட்டு விழுந்தது. பிறகு எவ்வளவு கிண்டியும் அவளால் எடுக்க முடியவில்லை.

"படிச்ச பெட்டை, ஆருக்குக் கொண்டுபோய்க் குடுத்தாளோ" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னதும் அவள். எழுத்து நின்றது. பிள்ளையார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். அண்ணை நம்பவில்லை. உள்ளங்கை கொப்பளித்தது. அதற்கு எண்ணெய் தடவிவிட்டதும் இதே பூமணிதான்.

ஜூலை 11, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வர, படலையில் பூமணி. கையில் கருவாட்டுப் பை. தெல்லிப்பழையில் நான் வீடெடுத்த பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள்.

"அண்ணைக்குச் சொல்லன் சரசு, விக்கவேண்டாமெண்டு. ஐயாவின்ரை சாமானெல்லே."

"ஐயாவிலை உங்களுக்கு உவ்வளவு பட்சமோ மச்சாள்? தெரியாமல் போச்சு."

தேத்தண்ணி ஆறியது. அவள் தொடவில்லை.

"உந்தப் பெட்டியிலை ஏதோ கள்ள அறை இருக்காம். சனம் கதைக்குது."

"எந்தச் சனம்?"

"ஆரோ. உனக்குத் திறக்கத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்பிடியெண்டு சொல்லன்."

"அண்ணைக்கு முன்னாலை கேளுங்கோ. திறந்து காட்டுறன்."

எழும்பிப் போய்விட்டாள். கருவாட்டை விட்டுவிட்டுப் போனாள். பொரித்துச் சாப்பிட்டேன். நல்ல பாரை.

ஜூலை 13, வியாழன்

தலையிடி. விடைத்தாளில் பாதிதான் முடிந்தது.

நானே போய்த் திறந்தால் என்ன? காலையிலிருந்து இதே யோசனை. ஆனால் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அட்டியல் வெளியே வந்தால் ஒளித்தவளும் நானென்று ஆகும். பூமணி அதைத்தான் சொல்லுவாள், அண்ணையும் தலையாட்டுவார். அதனால் நான் தொடக்கூடாது. உள்ளே என்ன கிடக்கிறதென்று முதலில் அவள் வாயால் வரவேண்டும்.

வராவிட்டால் அட்டியல் கொழும்புக்குப் போகும். அம்மாவின் கழுத்தில் கிடந்தது. போகட்டும். சனி வரை மனம் மாறாமல் இருக்கவேண்டும்.

ஜூலை 15, சனி

வான் வரும்போது நான் முற்றத்தில், கதிரையில். கொழும்பு ஆள் பட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு கூலியாட்கள் தூக்கினார்கள். பூமணி ஓடிவந்து பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடப்பா, உதென்ன விசர் வேலை" என்றார் அண்ணை.

விட்டாள். என்னைப் பார்த்தாள். நான் வதனி தந்த தேத்தண்ணியைப் பார்த்தேன். வானின் பின்கதவு திறந்தது.

"சரசு, திற."

"என்னத்தை மச்சாள்?"

"உள்ளை கிடக்கு. கொம்மாவின்ரை அட்டியல்."

அண்ணை திரும்பினார். "கிடக்கெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

கூலியாட்கள் பெட்டியை மண்ணில் இறக்கினார்கள். அண்ணை அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார், மெதுவாக. அவள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் குந்தினாள்.

பெட்டியை இடப்பக்கம் சரித்தேன். ஆணி வழுக்கிய சத்தம். அட்டியல் சுற்றியிருந்தது அவளுடைய சட்டைத் துணியில். ஊதாப் பூப்போட்டது. அண்ணை துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

அட்டியலைக் கழுத்தில் வைத்துப் பிடித்தபடி பூமணிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். "பூட்டிவிடுங்கோ மச்சாள்."

கொளுக்கி நாலைந்து தரம் வழுக்கியது. நான் கை கொடுக்கவில்லை. கழுத்தில் அவளுடைய விரல் சில்லென்று பட்டது. இவ்வளவு சந்தோசம் எனக்குள் இருந்ததென்று எனக்கே தெரியாது.

பெட்டி விற்பனைக்கோ இல்லையோ என்று கொழும்பு ஆள் கேட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

காற்றுக் குறைவு. விடைத்தாள் முடிந்தது.

அண்ணை வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிழை என்னிலைதான். நீ சத்தியம் பண்ணியும் நான் நம்பேல்லை."

அதற்குப் பிறகுதான் வந்த விசயம். "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு இது போகக்கூடாது, சரசு. ஒருதருக்கும் சொல்லிப்போடாதை."

"யோசிக்கிறன் அண்ணை."

"பூமணி நித்திரையில்லாமல் கிடக்கிறாள்."

"யோசிக்கிறன் எண்டனே."

சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை.

சொல்லமாட்டேன். வதனியின் எழுத்து என்னுடையதைப் போல நிற்கக்கூடாது. ஆனால் அது பூமணிக்குத் தெரியவேண்டியதில்லை. ஆவணி வரைக்கும் அவள் கிடக்கட்டும், முகட்டைப் பார்த்தபடி.