ஐந்து வரி எழுதச் சொன்னார்கள்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு காலை.

மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் அண்ணாதுரை மாமா வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். உன்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனதற்காக அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் இதை அவரும் படிக்கட்டும்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. போன வாரம் தெருவில் கொசு மருந்து அடித்தார்கள். ஒரு வருஷம் தாமதம். அம்மாவின் செம்பருத்தி பிழைத்துக்கொண்டது.

கம்பெனியில் ஒரு அவமானம். மெஷின் ஆபரேட்டர் லோகேஷை உற்பத்தி லைனில் வைத்துத் திட்டினேன். அவன், "இன்னா சார், எங் கல்யாணத்துக்கு வந்தாகூட பொண்ணு கழுத்துல சிவப்பு அட்டை கட்டிட்டுத்தான் போவீங்க போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் 'ரிஜெக்ட் ரத்தினம்' என்று சொல்வார்களாம். நான் கத்தினேன், அவன் புகார் கொடுத்தான். ஆறு வாரம் கவுன்சலிங், இல்லாவிட்டால் மெமோ என்று எச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். எம்.எஸ்சி. படித்து, இருபத்திரண்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் உழைத்தவனுக்கு இந்த மரியாதை.

கவுன்சலர் பெயர் ஜாஸ்மின். உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். என்ன குறை என்று அவள் கேட்கவே இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மகள் பேசுவதில்லை என்றேன். அந்த மகளிடம் உள்ள நல்லதை ஐந்து வரி எழுதி வரச் சொன்னாள். குறையைக் கேட்காமல் வைத்தியம் பார்க்கிறவளை எனக்குப் பிடிக்கவில்லை.

எழுத உட்கார்ந்தேன். பிடிவாதம், மறதி, பதில் சொல்லாமல் போவது என்று ஒன்பது வரி வந்தது. ஒன்றுகூட நல்லதில்லை. எங்கள் வேலையில் கெட்ட பொருளுக்குத்தான் சிவப்பு அட்டை கட்டுவோம். நல்ல பொருள் அட்டையில்லாமல் போய்விடும். உன்னை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஜாஸ்மின் தாளைப் படித்துவிட்டு, "நல்லா உத்துப் பாக்குறீங்க சார், அது உங்க பலம். அதே கண்ணோட அவங்க சரியாச் செஞ்ச ஒரு நாளைப் பாருங்களேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சமையலறையில் மாட்டியிருக்கும் பழைய காலண்டரில் உன் கையெழுத்து இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவின் ஜுரம். மூன்றாம் நாள் காலை பத்தே கால்: 103. பக்கத்தில், 'அப்பாவுக்குப் போன் பண்ணியாச்சு.'

பண்ணினாய். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாய். அன்று ஆடிட். அவளை ஆட்டோவில் வைத்துக் குலுக்காதே, நானே வந்து காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். வந்து சேர்ந்தபோது இரவு ஏழரை. டெங்கு, தட்டணுக்கள் குறைந்துவிட்டன, காலையிலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். நீ கேட்டதும் நான் தடுத்ததும் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், கூடவே இருந்தவள் கவனிக்கவில்லை என்று உன்னைக் கைகாட்டினேன். போன் பண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே நான் முடிந்திருப்பேன். நீ சொல்லவில்லை. இத்தனை மாதமும் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை என்பது, அவர் இன்னும் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதிலிருந்தே தெரிகிறது. பதில் சொல்லாமல் போவது என்று நான் குறையில் எழுதியது இதைத்தானம்மா.

ஐந்து வரி எழுதிவிட்டேன். ஜாஸ்மினிடம் காட்டவில்லை, உனக்கு இதனுடன் வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வருஷ திதி. அதே ஆட்கள் வருவார்கள். அந்தக் காலண்டரைக் கூடத்தில் மாட்டி, நடந்ததை நானே சொல்லப்போகிறேன். அதற்காக நீ வர வேண்டும் என்பதில்லை. வந்தால், அம்மா படத்துக்கு நீதான் மாலை போட வேண்டும். நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உடம்பு லேசாகச் சுட்டாலும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, உடனே ஆட்டோ பிடித்துப் போய்விடு.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா,
ரத்தினம்.